நடந்து போகும் பஸ்

(கொல்கத்தா நியூ டவுனில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பக்கத்து ஹாலிலிருந்து வரும் பொங்கல் வாசனையைப் பொறுத்துக்கொண்டு குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த மேடையில் வழக்கமாக வேத சாஸ்திர விஷயங்களைக் கற்றறிந்தவர்கள் பேசுவார்கள். நான் கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் பேரேடு பார்த்து ரிடையர் ஆனவன். என்னைப் பேச அழைத்த செயலாளர், "மாமா, தினமும் காலையில் குழந்தைகளை அழைச்சுண்டு போறேளே, அதைப் பத்திச் சொல்லுங்கோ, போதும்" என்றார். இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு யோசித்தேன். நம் சங்கத்தில் என்னைப் போல் பிள்ளையோடோ பெண்ணோடோ வெளியூரில் வந்து இருக்கும் வயதானவர்கள் நிறைய பேர். காலை ஏழு மணிக்கு நமக்கு வேலை ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில்தான் வீட்டில் எல்லோருக்கும் தலை போகிற வேலை. ஆகையால் சொல்கிறேன்.

தயிர் சாதம் சாப்பிடும்போது வந்த செய்தி

2022ல் கொரோனா ஓய்ந்து பள்ளிகள் திறந்தபோது என் பேரன் இரண்டாம் வகுப்பு. பள்ளி எங்கள் குடியிருப்பிலிருந்து ஒன்றே கால் கிலோமீட்டர். இங்கே எல்லோரும் செய்வதுபோல் நாங்களும் பூல் கார் வைத்தோம். மற்ற ஊர்களில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், பூல் கார் என்றால் தனியார் ஒருவர் தன் வேனிலோ காரிலோ பல வீட்டுக் குழந்தைகளைச் சேர்த்து ஏற்றிக்கொண்டு போவது. நம் ஊரில் ஸ்கூல் வேன் என்போம். எங்கள் வேனில் பதினோரு குழந்தைகள். ஒவ்வொரு கேட்டாகச் சுற்றிப் போவதால் ஒன்றே கால் கிலோமீட்டருக்கு முப்பத்தைந்து நிமிஷம் ஆகும். நடந்தால் இருபது நிமிஷம்தான். கணக்குப் பார்த்தவனான எனக்கே இது ஆறு மாதம் உறைக்கவில்லை!

அந்த வருஷம் நவம்பரில் ஒரு நாள் ராத்திரி, தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே பேரன் சொன்னான்: "தாத்தா, முந்தாநேத்து வேன் திரும்பறச்சே கதவு தொறந்துண்டுடுத்து. ஒரு பொண்ணோட பை ரோட்டுல விழுந்துடுத்து. நான் அவ கையைப் பிடிச்சுண்டேன்."

என் மாட்டுப்பெண் கையில் இருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். "ஏண்டா ரெண்டு நாளா சொல்லலை?" என்று கேட்டதற்கு, "டிரைவர் அங்கிள் சொல்லாதேன்னார்" என்றான். அந்தப் பெண் குழந்தையின் வீட்டுக்கு அப்போதே போன் செய்தோம். அவர்களுக்கும் தெரியாது. பை அழுக்காக வந்ததற்காக அதைத்தான் திட்டியிருக்கிறார்கள்.

அந்த டிரைவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. அவர் அதற்காக மிகவும் வருத்தப்பட்டார். கதவுக் கொக்கி பழுதென்று அவருக்கும் தெரியும். அதைச் சரி செய்ய ஒரு நாள் வண்டியை நிறுத்தினால் பதினோரு வீட்டிலிருந்து போன் வரும் என்பதும் தெரியும்.

நாம் படித்து மறந்த செய்திகள்

2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளி பஸ்ஸின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. இங்கே 2020 பிப்ரவரியில் ஹூக்ளி மாவட்டம் போல்பாவில் குழந்தைகள் போன பூல் கார் வாய்க்காலில் கவிழ்ந்தது. மருத்துவமனையில் சில நாட்கள் போராடி ஒரு சிறுவன் இறந்தான்.

வண்டியில் போனால்தான் ஆபத்து என்றும் சொல்ல முடியாது. 2023 ஆகஸ்டில் பேஹாலாவில், அப்பாவோடு பள்ளிக்குப் போன இரண்டாம் வகுப்புப் பையன் மீது லாரி மோதிவிட்டது. 2024 நவம்பரில் நமக்குப் பக்கத்திலேயே சால்ட் லேக்கில், இரண்டு பஸ்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்ததில், அம்மாவின் ஸ்கூட்டரில் பள்ளியிலிருந்து வீடு திரும்பிய பையன் போய்விட்டான். 2022ல் நம் தேசத்தில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

ஆகையால் "வேனை நிறுத்திவிட்டு நடக்க விடுங்கள்" என்று சொல்லிவிட்டு நான் மேடையை விட்டு இறங்கினால் அது பொறுப்பில்லாத பேச்சு. எப்படி நடப்பது என்பதுதான் விஷயம்.

திண்ணையும் ஆறு வழிச் சாலையும்

எங்கள் கிராமத்தில் நான் பள்ளிக்குப் போனபோது யாரும் கொண்டுவிட்டதில்லை. அக்ரஹாரத்தின் கோடி வீட்டிலிருந்து ஒரு பையன் கிளம்புவான். வாசலுக்கு வாசல் ஒருவன் சேர்ந்துகொள்வான். தெருமுனை வரும்போது பதினைந்து பேர். பெரிய பையன் முன்னால், பொடிசுகள் நடுவில். திண்ணைக்குத் திண்ணை ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பார். குளத்துப் பக்கம் கால் திரும்பினால், "டேய், யாராத்துப் பிள்ளைடா நீ?" என்று குரல் வரும். அந்தக் குரலுக்குப் பயந்தே நேராகப் போனோம். அது ஓர் ஏற்பாடு என்றுகூட அப்போது நமக்குத் தெரியாது.

நியூ டவுனில் திண்ணை கிடையாது. 1999ல் ஹிட்கோ நிறுவனம் ஏற்பட்டு, ராஜார்ஹாட் பக்கத்துக் கிராம நிலங்களில் திட்டம் போட்டு எழுப்பிய நகரம் இது. சாலைகள் அகலம், மரங்கள் இருக்கின்றன, பல இடங்களில் நல்ல நடைபாதையும் இருக்கிறது. சைக்கிளுக்குக்கூடத் தனித் தடம் போட்டிருக்கிறார்கள். சென்னையிலிருந்து வருபவர்கள் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள். ஆனால் அகலமான சாலை வேகமான சாலையும்கூட. காலையில் விமான நிலையத்துக்கும் செக்டர் ஃபைவுக்கும் பறக்கும் வண்டிகள் குழந்தைக்காக நிற்பதில்லை. எல்லா வீடும் கேட்டுக்கு உள்ளே. வெளியே நடைபாதையில் ஒரு குழந்தை தனியாகப் போனால், "யாராத்துப் பிள்ளை" என்று கேட்க ஆள் இல்லை.

மற்ற தேசங்களில்

அந்தக் கதவுச் சம்பவத்துக்குப் பிறகு என் மாட்டுப்பெண் இன்டர்நெட்டில் தேடிப் பார்த்துச் சொன்னாள், "அப்பா, இதுக்கு 'வாக்கிங் ஸ்கூல் பஸ்'னு பேராம்." டேவிட் எங்விக்ட் என்ற ஆஸ்திரேலியர் 1990களின் ஆரம்பத்தில் சொன்ன யோசனை. பஸ்ஸுக்கு இருப்பதுபோலவே இதற்கும் வழித்தடம் உண்டு, நிறுத்தங்கள் உண்டு, நேரம் உண்டு. டிரைவராக ஒரு பெரியவர் முன்னால், கண்டக்டராக இன்னொருவர் பின்னால். வண்டி மட்டும் கிடையாது. 1998ல் இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில் ஒரு பள்ளி இதை ஆரம்பித்தது. இத்தாலியில் லெக்கோ என்ற ஊரில் 2003ல் தொடங்கினார்கள். 2009ல் அங்கே பதினேழு வழித்தடங்கள், பத்து ஆரம்பப் பள்ளிகள், சுமார் 450 குழந்தைகள். இத்தாலிய மொழியில் இதற்குப் பெயர் 'பியேதிபுஸ்'. கால் பஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜப்பானில் இது யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதாக இல்லை. அங்கே பல ஊர்களில் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் அக்கம்பக்கத்தார் சேர்ந்து குழுவாகத்தான் போகிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை தலைவன். எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைப் பள்ளி முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கிறது. முக்கியமான குறுக்குச் சாலைகளில் பெரியவர்கள் கொடியோடு நிற்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஜப்பானிலேயே 2021 ஜூனில் யாச்சிமாதா என்ற ஊரில், குடித்துவிட்டு லாரி ஓட்டியவன், பள்ளியிலிருந்து வரிசையாக வீட்டுக்கு நடந்து வந்த ஐந்து குழந்தைகள் மீது மோதினான். இருவர் இறந்தார்கள். அந்தச் சாலையில் நடைபாதை இல்லை. அதன் பிறகு தேசம் முழுவதும் பள்ளி வழிகளைச் சோதித்தார்கள். சுமார் 76,000 இடங்களில் ஏதாவது செய்ய வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். வரிசையாக நடப்பது மட்டும் போதாது, சாலையையும் சரி செய்ய வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நாங்கள் செய்தது

2022 டிசம்பரில், நாலு குழந்தைகள், இரண்டு தாத்தாக்கள் என்று ஆரம்பித்தோம். முதலில் குழந்தைகள் இல்லாமல் நாங்கள் இருவரும் மூன்று நாள் அதே நேரத்தில் நடந்து பார்த்தோம். எந்த இடத்தில் நடைபாதை முடிகிறது, எங்கே கார்கள் யூ டர்ன் எடுக்கின்றன, எங்கே தெரு நாய்கள் படுத்திருக்கின்றன என்று ஒரு பழைய டைரியில் குறித்துக்கொண்டோம். நேர் வழியை விட்டு, 150 மீட்டர் அதிகமான உள் சாலை வழியைத் தேர்ந்தெடுத்தோம். அதில் பெரிய சாலையை ஒரு தடவை கடந்தால் போதும்.

ஏழு மணி பத்து நிமிஷத்துக்குக் கேட்டில் இருக்க வேண்டும். இரண்டு நிமிஷம் காத்திருப்போம், அப்புறம் கிளம்பிவிடுவோம். யாருக்காகவும் திரும்பி வருவதில்லை. முதல் வாரம் இதில் கொஞ்சம் மனஸ்தாபம் வந்தது. இரண்டாவது வாரம் எல்லாக் குழந்தைகளும் ஏழு எட்டுக்கே நின்றன. இருவர் இருவராகக் கை கோத்து, பெரியது சாலைப் பக்கம், சிறியது உள் பக்கம். குறுக்கே போகும்போது எல்லோரும் நின்று, பார்த்து, சேர்ந்து கடப்பது. ஓடக் கூடாது. பள்ளி கேட்டுக்குள் போனதும் தலை எண்ணி, வாட்ஸ்அப்பில் எண்ணிக்கை மட்டும் போடுவோம். 'ஏழு' என்று வந்தால் ஏழு வீட்டில் நிம்மதி.

அமெரிக்காவில் நோய்த் தடுப்பு மையம் ஆறு குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் என்று சொல்கிறது. நாலு முதல் ஆறு வயது என்றால் மூன்று பேருக்கு ஒருவர். இது நல்ல கணக்கு. நம் கைக்கு இரண்டு குழந்தைகள்தான் பிடிபடும் என்பது நடந்து பார்த்தால் தெரியும்.

இரண்டு மாதத்தில் பதினொன்று ஆனோம். நாலு தமிழ்க் குடும்பம், மற்றவை வங்காளி, மார்வாடி, ஒரு ஒடியாக் குடும்பம். குழந்தைகள் வழியில் பேசுவதைக் கேட்டு நான் வங்காளம் கற்றுக்கொண்டேன். ஐந்து வருஷம் இங்கே இருந்து கற்காததை ஐந்து மாதத்தில் கற்றேன்.

பின்னால் வந்த குழந்தைகள்

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமான விஷயம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் குடியிருப்பின் பின்பக்கம் பழைய கிராமம் ஒன்று இருக்கிறது. நகரம் வந்தபோது நடுவில் தங்கிப்போன கிராமம். எங்கள் செக்யூரிட்டி காவலர் ஒருவரின் வீடு அங்கேதான். அவருடைய பெண் நாலாம் வகுப்பு. அவளும், அவள் தம்பியும், இன்னும் மூன்று நாலு குழந்தைகளும் தினமும் எங்கள் கேட்டைத் தாண்டித்தான் காலை நேர அரசுப் பள்ளிக்குப் போவார்கள். அவள்தான் தலைவி. அதாவது நாங்கள் இன்டர்நெட்டில் தேடிக் கண்டுபிடித்ததை அந்தக் குழந்தைகள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள்.

முதல் வாரத்தில் ஒரு நாள் பெரிய சாலையைக் கடக்கும்போது நான் வலப்பக்கம் பார்த்துக்கொண்டு கால் எடுத்து வைத்தேன். "தாது!" என்று பின்னாலிருந்து குரல். வங்காளத்தில் தாத்தா. நின்றேன். இடப்பக்கத்திலிருந்து எதிர்த் திசையில் ஒரு டோட்டோ, நம் ஊரில் பாட்டரி ஆட்டோ என்பது, சத்தமே இல்லாமல் உரசிப் போயிற்று. "இவர்கள் இப்படித்தான் தப்புப் பக்கம் வருவார்கள், இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்" என்று அந்தப் பெண் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். அன்று என் பின்னால் நாலு குழந்தைகள் இருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோர்கள் கூடியபோது, அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று ஓர் அம்மா சொன்னாள். "நம்ம குழந்தைகளுக்கே பொறுப்பு பெரிசு. மத்தவாளையும் சேர்த்துண்டு, ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார் ஒருவர். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் டோட்டோ விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன். நான் வாயைத் திறக்கவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் நல்ல பனி மூட்டம். பத்தடிக்கு மேல் தெரியவில்லை. டார்ச்சும், மினுங்கும் மஞ்சள் மேல்சட்டையுமாக நான் முன்னால் போனேன். திரும்பித் தலை எண்ணினால் ஆறுக்குப் பதில் பதினொன்று வருகிறது! எங்கள் கண்டக்டர் தாத்தாவுக்குப் பின்னால், இருவர் இருவராகக் கை கோத்து, எங்கள் விதிப்படியே அந்தக் குழந்தைகள். "எத்தனை நாளாக இப்படி வருகிறீர்கள்?" என்று கேட்டேன். "நீங்கள் ஆரம்பித்ததிலிருந்தே. உங்களைப் பார்த்தால் கார்கள் நிற்கின்றன தாது, எங்களுக்கு நிற்பதில்லை" என்றாள்.

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் வருத்தம்கூட இல்லை. மழை வந்தால் குடை பிடிக்க வேண்டும் என்பதுபோல் சொன்னாள். எனக்குத்தான் அன்று ஜபத்தில் மனசு நிற்கவில்லை. சாயங்காலம் அவள் அப்பாவிடம் போய் அனுமதி கேட்டேன். மறுநாளிலிருந்து அவர்களும் எங்கள் தலைக் கணக்கில் சேர்ந்தார்கள். முன்பு ஆட்சேபித்தவரும் மறுக்கவில்லை. அவரே இரண்டு மஞ்சள் சட்டை கூடுதலாக வாங்கிக் கொடுத்தார். எங்கள் பள்ளி முதலில் வரும். குழந்தைகளை உள்ளே விட்டுவிட்டு, ஒருவர் மட்டும் இன்னும் 400 மீட்டர் போய் அவர்களை விட்டுவிட்டுத் திரும்புவோம்.

நின்றதும் மறுபடி நடந்ததும்

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொன்னால் அது பொய். 2023 ஜூலையில் எனக்கு முழங்கால் வீங்கி நடக்க முடியவில்லை. இன்னொரு தாத்தா பெண்ணுக்குப் பிரசவம் என்று நியூஜெர்சி போய்விட்டார். மழை வேறு. ஆறு வாரம் எங்கள் பஸ் ஓடவில்லை. குழந்தைகள் மறுபடி பூல் காரில் ஏறிவிட்டார்கள். கிராமத்துக் குழந்தைகள் மட்டும் எப்போதும் போல் நடந்தார்கள். அந்தப் பெண் தினமும் கேட்டில் நின்று, "தாதுவுக்குக் கால் சரியாகிவிட்டதா?" என்று தன் அப்பாவைக் கேட்டுவிட்டுப் போவாளாம்.

தவறு எங்கள் முழங்காலில் இல்லை. இரண்டு பேர் மேல் எல்லாவற்றையும் ஏற்றி வைத்ததில்தான். ஆகஸ்டில் என் மாட்டுப்பெண் ஒரு முறைப் பட்டியல் போட்டாள். ஒன்பது பெரியவர்கள். வாரத்துக்கு ஒருவருக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். ஆபீஸ் போகும் அப்பாக்களும் இதில் உண்டு. கனமழை என்றாலும் தண்ணீர் தேங்கினாலும் காலை ஆறரைக்கே 'இன்று இல்லை' என்று தகவல். இந்தப் பட்டியல் வந்த பிறகு ஒரு வாரம்கூட முழுதாக நிற்கவில்லை.

கடக்கும் இடத்தில் ஜீப்ரா கோடு போடச் சொல்லி மனு கொடுத்தோம். மூன்றாவது மனுவுக்குக் கோடு வந்தது. காலை அரை மணி நேரம் ஒரு போலீஸ்காரர் வேண்டும் என்ற மனு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

உங்களிடம் கேட்பது

இது எல்லோருக்கும் பொருந்தாது என்று தெரியும். நம்மவர்கள் நல்ல பள்ளி என்று பத்து கிலோமீட்டர் தள்ளிச் சேர்க்கிறோம். கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. சேர்க்கும்போது பள்ளியின் பெயரோடு அந்தத் தூரத்தையும் ஒரு தடவை பாருங்கள். தூரம் அதிகம் என்றால், பஸ் நிற்கும் இடம் வரைக்குமாவது சேர்ந்து நடக்கலாம். வேன்தான் வழி என்றால், மாதம் ஒரு தடவை கதவுக் கொக்கியை நீங்களே இழுத்துப் பாருங்கள். குழந்தையிடம், "வழியில் என்ன நடந்தாலும் சொல்லு, திட்ட மாட்டோம்" என்று சொல்லி வையுங்கள்.

பெங்களூரிலோ, மும்பையிலோ, ஹைதராபாதிலோ, நம் சென்னையிலோ, ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்கும் குடியிருப்பில் இருப்பவர்கள் நாலு வீடு சேர்ந்தால் போதும், ஆரம்பிக்கலாம். ஆனால் முதல் நாளே முறைப் பட்டியல் போட்டுவிடுங்கள். நாங்கள் அதை எட்டு மாதம் தாமதமாகச் செய்தோம். கேட்டுக்கு வெளியே ஏற்கெனவே நடந்து போகிற குழந்தைகள் யார் என்றும் பாருங்கள். அவர்களுக்கு வழி நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களையும் சேர்த்துக்கொண்டால் வரிசை நீளமாகும். நீளமான வரிசைக்குத்தான் கார் நிற்கிறது.

அந்தக் காவலரின் பெண் இப்போது வேறு பள்ளிக்குப் போகிறாள். அது எதிர்த் திசையில் இருக்கிறது. என் பேரன் இப்போது கடைசி ஜோடியில் நடக்கிறான். போன வாரம் கடக்கும் இடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பொடிசு கால் எடுத்து வைத்தபோது, அவன் கையைப் பிடித்து இழுத்து, "ரெண்டு பக்கமும் பாரு, டோட்டோ வரும்" என்றான். யாரிடம் கற்றான் என்று எனக்குத் தெரியும்.

முழங்காலுக்கு டாக்டர் தினமும் அரை மணி நடக்கச் சொல்லியிருக்கிறார். போகும்போது குழந்தைகளோடு, வரும்போது ஆற அமர. மருந்துச் செலவும் மிச்சம்.

பொங்கல் ஆறிவிடும்.